இலை வரட்டும்

பூ என்றதும் நமக்கெல்லாம் வாசம்தான் முதலில் நினைவுக்கு வரும். மல்லிகை, பிச்சி, றோசா என்று மணக்கும் பூக்களைத்தான் நாம் முற்றத்தில் நட்டு வைக்கிறோம். ஆனால் அல்லாஹ்வின் படைப்பில் நாற்றமெடுக்கும் பூவும் உண்டு. இலையும் கிளையும் இல்லாமல், வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரே இரவில் விரியும் பூவும் உண்டு. அப்படி ஒரு பூ எங்கள் வளவுக்குள் வந்ததையும், அதன் பெயரைக் கண்டுபிடிக்க நாங்கள் எட்டு மாதத்துக்கு மேல் பொறுத்திருந்ததையும், அந்தப் பொறுமை ஒரு குடும்பத்தின் வயிற்றோடு சம்பந்தப்பட்டிருந்ததையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் கேகாலை மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பழைய இறப்பர் மரங்கள். அதற்கு மேலே காடு. வேலி என்று சொல்ல ஒன்றுமில்லை. காட்டுச் செடி எது, வளவுச் செடி எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் கலந்துதான் கிடக்கும்.

அது 2022ஆம் வருடம், ஏப்ரல் மாதம். நோன்பு காலம். அந்த வருடத்தை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காஸ் இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. சஹருக்கு எழும்பி மெழுகுதிரி வெளிச்சத்தில் விறகடுப்பு மூட்டிய நாட்கள் அவை. ஒரு நாள் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமிருந்து தாங்க முடியாத ஒரு நாற்றம் வந்தது. கீரிப்பிள்ளையோ பூனையோ செத்துக் கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நோன்பு திறந்த பிறகு பிள்ளைகள் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தேடினார்கள். செத்த பிராணி எதுவும் அகப்படவில்லை. இறப்பர் மரத்தடியில், சருகுகளுக்கு நடுவே ஒரு பூ இருந்தது.

காலையில் போய் நிதானமாகப் பார்த்தேன். பெரிய சோற்றுக் கோப்பை அளவுக்கு விரிந்த ஒரு மடல். வெளியே பச்சையும் ஊதாவும் கலந்த நிறம், ஓரம் சேலைக் கரையைப் போல நெளிந்திருந்தது. நடுவிலே கறுப்புக் கலந்த சிவப்பில், சுருக்கம் விழுந்த ஒரு பெரிய குமிழ். அதன்மேல் சின்னச் சின்ன வண்டுகள் ஊர்ந்தன. சுற்றிலும் ஒரு இலைகூட இல்லை.

செய்தி பரவியதும் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பிள்ளைகள் "பேய்ப் பூ" என்றார்கள். இது இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும், வெட்டி எறியுங்கள் என்றார் ஒருவர். மேல் வீட்டுச் சிங்கள அக்கா பார்த்த உடனே "கிடாரன்" என்றார். இறப்பர் பால் வெட்ட வரும் தோட்டத்து அம்மா "இது காட்டுக் கருணைங்க" என்றார். என் மகன் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பார்த்தான். மேலிருந்து எடுத்த படத்துக்கு ஒரு பெயரும், பக்கவாட்டில் எடுத்த படத்துக்கு வேறொரு பெயரும் வந்தது.

வேடிக்கையாகவே இது முடிந்திருக்கும். ஆனால் அன்று மாலை எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு சகோதரி வந்தார். நான்கு பிள்ளைகளின் தாய். கணவர் மேசன் வேலை. சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்றுபோனதால் இரண்டு மாதமாக அவருக்குக் கூலி இல்லை. அந்தப் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"ராத்தா, இது கருணை எண்டா அடியில கெழங்கு ஈக்கும்தானே? நான் தோண்டி எடுத்துக்கிட்டாப் பரவாயில்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் நின்ற என் மாமி பேசினார். மாமிக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல்.

"கெழங்கு ஈக்கிதுதான் மகள். ஆனா எந்தக் கெழங்கு எண்டு பூவைப் பாத்துச் செல்லேலாது. எல வரட்டும். பசிச்ச வயித்துக்குத் தெரியாத கெழங்கைக் குடுக்கப்படாது. இப்ப பின்வளவுல பலாக்காய் ஈக்கி, அதை வெட்டிக்கிட்டுப் போங்க."

அன்று அந்தச் சகோதரி பலாக்காயுடன் போனார். எங்களுக்கோ அந்தச் செடியின் பெயர் ஒரு பொறுப்பாகிவிட்டது.

நாக்கில் குத்தும் ஊசிகள்

மாமி ஏன் அப்படித் தடுத்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்தச் செடி சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதை 'அரேசியே' குடும்பம் என்பார்கள். உலகம் முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. பெரும்பாலானவை வெப்ப நாட்டுக் காடுகளில், மரநிழலில் வளர்பவை. இந்தக் குடும்பத்துப் பூவை அடையாளம் காண்பது இலகு. ஒரு மடல் விரிந்திருக்கும், அதன் நடுவே விரல் போன்ற ஒரு தண்டு நிற்கும். நாம் பூ என்று நினைப்பது அந்த மடலைத்தான். உண்மையான பூக்கள் மிகச் சிறியவை. தண்டில் நெருக்கமாக ஒட்டியிருக்கும்.

இந்தக் குடும்பத்துச் செடிகள் நம் வீடுகளிலேயே எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சதுப்பு நிலத்தில் வளரும் கொஹில, கறிக்கு எடுக்கும் கிரி அல, வேலியோரத்தில் யானைக்காது போல நிற்கும் ஹபரல எல்லாம் இதே குடும்பம். வரவேற்பறையில் போத்தலில் படரவிடும் மணி பிளான்ட், கல்யாண வீட்டு அலங்காரத்துக்கு வாங்கும் அந்தூரியம், வாசலில் தொட்டியில் வைக்கும் புள்ளி இலைச் செடியான டிபன்பேக்கியா ஆகியவையும் இதே குடும்பம்தான்.

இவற்றில் பெரும்பாலானவற்றின் இலையிலும் தண்டிலும் கிழங்கிலும் கல்சியம் ஒட்சலேற்று என்னும் பொருள், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. கடித்த மாத்திரத்தில் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி ஏறும். அரிப்பும் எரிவும் தொடங்கும், நாக்கு தடிக்கும், வாய்நீர் வடியும். தொண்டை வீங்கினால் மூச்சுக்கே ஆபத்து. சேம்பு, கருணை முதலியவற்றைச் சமைக்கும்போது நம் மூத்தவர்கள் கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டதும், கொறுக்காய் போட்டு அவித்ததும் இந்தக் காரலுக்குப் பயந்துதான். பெரியவர்களென்றால் முதல் கடியிலேயே துப்பிவிடுவார்கள். பசியோடு இருக்கும் குழந்தைக்கு அது தெரியுமா?

ஆகவே "இது கருணை" என்று ஒருவர் சொல்வதும், "கருணையில் எந்தக் கருணை" என்று தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. பெயர்களும் நம்மைக் குழப்பும். சிங்களத்தில் கிடாரன் என்பதை நம் பகுதியில் கருணைக்கிழங்கு என்கிறோம். தமிழ்நாட்டிலோ அந்தப் பெரிய கிழங்கு சேனைக்கிழங்கு. அங்கே சந்தையில் கருணைக்கிழங்கு என்று கேட்டால் சிறிய வேறொரு கிழங்கைத் தருவார்கள்.

இலை வந்தது

பூ அதிக நாள் நிற்கவில்லை. அந்தக் கொடும் நாற்றம் முதல் மாலையோடு பெரும்பாலும் அடங்கிவிட்டது. சில நாட்களில் பூ முழுவதும் தளர்ந்து அழுகி மண்ணோடு சாய்ந்தது. இடம் வெறுமையானது. பிள்ளைகளும் அதை மறந்துவிட்டார்கள். மாமி மட்டும் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைக்கச் சொன்னார்.

பெருநாள் முடிந்து மழை பிடித்த பிறகு, அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு கூர்முளை வந்தது. பின்னர் அது குடையைப் போல விரிந்தது. என் தங்கச்சியின் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஒரு கொப்பியைக் கேட்டாள்.

"பெரியம்மா, பூ வந்த திகதி, அழுகின திகதி, முளை வந்த திகதி மூன்றையும் முதலில் எழுதுங்கோ. பிறகு இலையைப் பார்ப்போம்."

திகதிகளை மாமி விரல் விட்டு எண்ணிச் சொன்னார். எத்தனையாவது நோன்பு, பெருநாள் கழிந்து எத்தனை நாள் என்பதுதான் மாமியின் கணக்கு. கொப்பியில் அவற்றை எழுதிக்கொண்டு மூவரும் செடியருகே போனோம்.

தண்டு போலத் தெரிவது தண்டே இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். அது ஒரே ஓர் இலையின் காம்பு! நிமிர்ந்து நிற்கும் அந்தக் காம்பின் உச்சி மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் மறுபடி மறுபடி பிரிந்து, பல சிற்றிலைகளாக விரிகிறது. முழு மரக்கன்று போலத் தோன்றினாலும் எல்லாம் சேர்ந்து ஓர் இலைதான். காம்பில் பச்சையும் வெண்மையும் கலந்த படைகள். மரப்பட்டையில் பாசி படிந்ததைப் போல, அல்லது பாம்புத் தோலைப் போல இருக்கும். பாம்பு வரும் என்று சொன்னவர் இந்தக் காம்பை முன்பு எங்கோ கண்டிருப்பார் போலும்.

மருமகள் காம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பாகற்காயைத் தடவுவது போலச் சொரசொரப்பாக இருந்தது. மாமியும் குனிந்து தடவினார். தடவிவிட்டுச் சொன்னார்:

"இது காட்டுச் சாதி. நாங்க நட்டது இப்பிடிச் சொரசொரப்பா ஈக்காது."

"நாங்க நட்டதா?" என்று நான் கேட்டேன். அதுவரை எங்களுக்குத் தெரியாத ஒரு கதை அப்போதுதான் வெளியே வந்தது.

எழுபதுகளில், அரிசிக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில், மாமி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கிறார். 1973, 74ஆம் வருடங்களில் பாணுக்காக விடியுமுன்னே வரிசையில் நின்ற கதையை நம் உம்மாமார் பலரும் சொல்லக் கேட்டிருப்போம். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக்கூட அப்போது தடை இருந்தது. அந்த நாட்களில் மாமியின் மாமி, இறப்பர் மரங்களுக்குக் கீழே சரிவில் கருணை நட்டு வைத்தாராம். நல்ல காலம் வந்த பிறகு யாரும் அதைத் தேடவில்லை.

நாங்கள் சரிவில் இறங்கித் தேடினோம். பற்றைக்குள் ஏழெட்டு இலைக்குடைகள் நின்றன. அதே மூன்று பிரிவு, அதே பாம்புத்தோல் படைகள். ஆனால் காம்பைத் தடவினால் வழுவழுப்பு. மேலே நிற்பதும் கீழே நிற்பதும் ஒரே இனம்தான் என்று மருமகள் விளக்கினாள். காட்டில் தானாக வளரும் வகையின் காம்பு சொரசொரப்பாகவும் கிழங்கு காரல் மிகுந்ததாகவும் இருக்கும். மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நட்டு வந்த வகையின் காம்பு அந்தளவு கரடுமுரடாக இராது, காரலும் குறைவு. படிப்பறிவில்லாத மாமியின் விரலும் பல்கலைக்கழகத்துப் பாடமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததை அன்று கண்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

படித்தவர்களும் இரண்டு பெயர் வைத்தார்கள்

ஒரு நேரத்தில் பூ, இன்னொரு நேரத்தில் இலை என்று தன்னைப் பாதி பாதியாகக் காட்டும் இந்தச் செடி, நம்மைப் போன்றவர்களை மட்டும் குழப்பவில்லை. ஆராய்ச்சியாளர்களும் இதற்குத் தனித்தனிப் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரரின் அதிகாரியாக இருந்த வான் ரீட் என்பவர், மலையாள வைத்தியர்களின் உதவியோடு அந்த நாட்டுத் தாவரங்களைப் படங்களுடன் பெருநூலாகத் தொகுத்தார். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' எனப்படும் அந்த நூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்தது. சேனையும் அதில் படமாக இருக்கிறது. அந்த நூலிலுள்ள படங்களைக் கொண்டு 1818இல் டென்ஸ்டெட் என்ற ஜெர்மன் அறிஞர், பியோனி என்னும் பூச்செடியின் இலையைப் போன்ற இலையுடையது என்ற பொருளில் இதற்குப் பெயர் வைத்தார். இந்தியாவில் தாவரங்களை ஆராய்ந்த றொக்ஸ்பரோ, மணி போல விரிந்த பூவைக் கொண்டு 'கம்பானுலேட்டம்', அதாவது மணி வடிவமானது என்று பெயரிட்டார். இலைக்கு ஒரு பெயர், பூவுக்கு ஒரு பெயர்! 1977இல்தான் நிக்கல்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்ற விதிப்படி 'அமோர்போபலஸ் பியோனிபோலியஸ்' என்று இன்று வழங்கும் பெயரை நிலைப்படுத்தினார். இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெரிய கைநூலில் சேம்புக் குடும்பத்தைப் பற்றி எழுதியவரும் இவரே. பழைய புத்தகங்களில் மணிப் பெயரைக் கண்டால் வேறு செடியென்று எண்ண வேண்டாம்.

இலையை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். டக்கா என்ற செடியொன்று இருக்கிறது. அது சேம்புக் குடும்பமே இல்லை. ஆனால் அதன் இலையும் மூன்றாகப் பிரிந்து, பல கூறுகளாக விரிந்து, தூரத்தில் கிடாரன் போலவே தெரியும். அதன் காம்பில் நீளவாட்டில் வரிகள் இருக்கும். பூக்களோ உயரமான தண்டின் உச்சியில் கொத்தாக, பூனை மீசை போன்ற நீண்ட இழைகளோடு, இலை இருக்கும்போதே வரும். கிடாரனின் பூ, இலை வருமுன் மண்ணோடு ஒட்டி வரும். பூவையும் இலையையும் இரண்டையும் கண்டவர்களுக்கு இதில் தடுமாற்றம் வராது. மாமி இலைக்குப் பொறுத்திருக்கச் சொன்னதன் நியாயம் இதுதான்.

கிழங்கும் பழமும்

மார்கழி கழிந்து பனிக்குளிர் வந்தபோது இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. கிழங்கு முற்றியதற்கு அதுதான் அடையாளம் என்றார் மாமி. 2023 ஜனவரியில் அந்தச் சகோதரியையும் கூப்பிட்டு, சரிவில் நின்ற வழுவழுப்புக் காம்புச் செடிகளில் நான்கை மட்டும் தோண்டினோம். கிழங்கொன்று இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய அளவு. மேல்தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் கொறுக்காயும் போட்டு நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தேங்காய்ப்பாலில் கறியாக்கினோம். சட்டியை இறக்கியதும் மாமி ஒரு சிறு துண்டைத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அரிப்பு இல்லை என்று தலையசைத்த பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாற விட்டார்.

கிழங்கில் பெரும்பங்கை அந்தச் சகோதரி கொண்டுபோனார். வெட்டியெடுத்த முளைப்பகுதிகளையும் பக்கத்துச் சிறு கிழங்குகளையும் அவருடைய வளவில் நட்டுக் கொடுத்தோம். காட்டுச் சாதியை நாங்கள் தொடவில்லை. அது வண்டுகளுக்கும் காட்டுக்கும் உரியது.

மாமி 2023 கடைசியில் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அடுத்த வருடம், 2024இல், மேலே காட்டோரத்தில் இரண்டு பூக்கள் ஒரு நாள் இடைவெளியில் விரிந்தன. இந்தப் பூவின் உள்ளே கீழ்ப்பகுதியில் பெண் பூக்களும், அதற்கு மேலே ஆண் பூக்களும் இருக்கின்றன. முதல் நாள் பெண் பூக்கள் மகரந்தத்துக்குத் தயாராக இருக்கும். அடுத்த நாள்தான் ஆண் பூக்கள் மகரந்தத்தை விடும். எனவே ஒற்றைப் பூ தன்னாலேயே காய்ப்பது அரிது. நடுத்தண்டு சூடேறி நாற்றத்தைப் பரப்ப, செத்த பிராணியென்று எண்ணி வரும் வண்டுகள் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தத்தைச் சுமக்கின்றன. நாம் மூக்கைப் பொத்திக்கொண்ட அந்த நாற்றம் இல்லையென்றால் பழமும் இல்லை! அவ்வருடம் பூத்த இரண்டில் ஒன்று காய்த்தது. குட்டையாக இருந்த தண்டு உயர்ந்து, சோளப்பொத்தி போல நெருக்கமான காய்கள் பிடித்து, கடைசியில் செக்கச்சிவந்த பழங்களாயின. மாமி காணாத அந்தக் கடைசித் திகதியையும் கொப்பியில் எழுதினேன். பூ, இலை, கிழங்கு, பழம் என்று அந்தச் செடியின் கணக்கு அத்துடன் முழுமையானது.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

கஷ்ட காலம் திரும்பவும் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் வளவிலுள்ள இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பிரித்தறிவது எல்லாப் பெண்களுக்கும் பயன்படும். சில அடையாளங்களைச் சொல்கிறேன்.

சேம்பின் காம்பு இலையின் ஓரத்தில் சேராமல், உட்புறமாக, இலையின் முதுகில் வந்து சேரும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டோடும். கிரி அல இலையின் காம்பு, அடியிலுள்ள வெட்டில் சேரும். இலை விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு சுற்றிலும் ஓடுவதைக் காணலாம். ஹபரலவின் காம்பும் அடிவெட்டில்தான் சேரும். ஆனால் இலை பெரிதாக வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும், முற்றிய செடிக்கு மண்ணுக்கு மேலே தடித்த அடிமரமும் இருக்கும். கொஹிலவின் காம்பில் முள் உண்டு. இவற்றில் ஓர் அடையாளம் பொருந்திவிட்டது என்பதற்காக எதையும் சட்டியில் போட்டுவிடாதீர்கள். பூ, இலை, காம்பு, வளரும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். அதைச் சமைத்துச் சாப்பிட்டுப் பழகிய ஒருவரிடம் செடியையே காட்டிக் கேளுங்கள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது.

தவழும் பிள்ளை உள்ள வீட்டில் மணி பிளான்ட், டிபன்பேக்கியா போன்றவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். பிள்ளை கடித்துவிட்டால் வாயிலுள்ளதைத் துடைத்தெடுத்து, தண்ணீரால் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ சிறிது குடிக்கக் கொடுங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள். நாக்கு வீங்கினால், விழுங்க முடியாவிட்டால், மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். கடித்த இலையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். நஞ்சு சம்பந்தமாக ஆலோசனை சொல்லக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தனியான தகவல் நிலையமும் உண்டு.

ஆதம் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அல்லாஹ் பொருட்களின் பெயர்களைக் கற்றுக் கொடுத்தான் என்பதை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். ஒரு பொருளின் பெயரை அறிவது அத்தனை பெரிய அருள். கேட்ட செய்தியை உறுதி செய்யாமல் பரப்பக்கூடாது என்பதும் நம் மார்க்கம் தந்த ஒழுக்கம்தான். மனிதரைப் பற்றிய செய்திக்குப் பொருந்தும் அந்த ஒழுக்கம், பிறர் வயிற்றுக்குள் போகும் ஒரு கிழங்கின் பெயருக்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டில் வயதான உம்மம்மாவோ மாமியோ இருந்தால், ஒரு அஸருக்குப் பிறகு அவர்களைக் கைப்பிடித்து வளவைச் சுற்றி அழைத்துச் செல்லுங்கள். இது என்ன, அது என்ன என்று கேளுங்கள். எந்த மாதம் பூக்கும், எந்த மாதம் தோண்டுவது, எதைப் போட்டு அவிப்பது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்களுடைய விரல்களில் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. அல்லாஹ் நம் மூத்தவர்களின் ஆயுளிலும் நம் அறிவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.